ரிம்மில் விழுந்த கீறல்

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்பார்கள். நீ நலமாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கே அம்மா நலமாக இல்லை. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் நான் வாயைத் திறந்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. இதைக் கிழித்துப் போட வேண்டுமென்றாலும் போடு, ஆனால் கடைசி வரை படித்துவிட்டுப் போடு.

முதலில் அந்தப் போட்டோ. முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா முதல் தடவையாக வாக்கரைப் பிடித்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் தானாக நின்றாள். பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொல்லி உனக்கு அனுப்ப வைத்ததும் அவளேதான். பதில் வரும்வரை போனை மடியிலேயே வைத்திருந்தாள். நீ என்ன பதில் போட்டாய்? "பின் வீல்ல என்ன கீறல்? யாரு ஓட்டினது?" என்று கேட்டிருந்தாய். நின்றவளை விட்டுவிட்டு, அவள் முழங்காலுக்குப் பின்னால் தெரிந்த ரிம்மைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாய். நல்ல கண்தான் உனக்கு.

நான்தான் ஓட்டினேன். இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? பிசியோதெரபி நிலையத்து வாசலில் நடைபாதைக் கல்லை ஒட்டி வண்டியை நிறுத்தினால்தான் அம்மா கதவைத் திறந்து நேராக மேடையில் கால் வைக்க முடியும். ஒரு சாண் தள்ளி நின்றாலும் அவள் ரோட்டில் இறங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். அந்த இடது கால் இன்னும் சரியாகத் தூக்கவில்லை. அதனால் கல்லை உரசுகிற அளவுக்கு ஒட்டி நிறுத்துவேன். உரசிவிட்டது. அப்பாவின் காருக்கு நீ மாட்டிவிட்டுப் போன பெரிய வீலில் ரப்பர் ஒரு பட்டை மாதிரி உள்ளே ஒடுங்கி நிற்கிறது, ரிம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. கல் எதை முதலில் தொடும் என்று நீயே யோசித்துக்கொள்.

உன் பதிலைப் படித்ததிலிருந்து அம்மா என்னை ஒட்டி நிறுத்த விடுவதில்லை. "தள்ளி நிறுத்துடி, அவன் வீலு பாழாயிடும்" என்கிறாள். போன வாரம் அப்படித் தள்ளி நிறுத்திய இடத்தில்தான் கால் மடங்கி என் மேல் சாய்ந்தாள். நல்லவேளை, விழவில்லை. வீட்டுக்கு வந்ததும், இனிமேல் பயிற்சிக்கு வர மாட்டேன், எனக்குச் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சரியாகவில்லை. இந்த மாதங்களில் பயிற்சியை விட்டுவிட்டால் அந்தக் கால் பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது என்று டாக்டர் என்னிடம் நேராகவே சொல்லியிருக்கிறார்.

கீறல் ஒரு பாதிதான். மீதி, வண்டி குதிக்கிற குதி. குழாய் பதிக்கத் தோண்டிய ரோடு இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்சீட்டில் அம்மா மூச்சைப் பிடித்துக்கொள்வது எனக்குக் கேட்கும். வலிக்கிறதா என்றால் இல்லை என்பாள். பயிற்சி கொடுக்கிற பெண்தான் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இங்க நான் முதுகை இளக்கி விடுறேன், அடுத்த தடவை வரும்போது மறுபடி இறுகிப்போய் வர்றாங்க. எதுல கூட்டிட்டு வர்றீங்க, லாரியிலயா?" என்று கேட்டாள். வெட்கமாகப் போய்விட்டது. நான் சோபா தைத்துப் பிழைக்கிறவள். மரச்சட்டத்தின் மேல் விரல் கனத்துக்கு நுரையை ஒட்டி மேலே பளபளப்பான துணியைப் போர்த்தினால் அது சோபா ஆகிவிடாது என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். என் அம்மாவை அப்படி ஒன்றின் மேல்தான் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

டயர்க் கடைக்குப் போனேன். அப்பாவின் காரில் இருந்த நல்ல சின்ன வீல்களை நீ கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதே கடைதான். தொந்தி மெக்கானிக்தான் இருந்தார். காற்றைப் பார்க்கச் சொன்னேன். டிரைவர் கதவுக்குள் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் போட்டிருக்கிற அளவைவிட மிக அதிகமாக இருந்தது. ஏதோ தவறு என்று நினைத்து, குறைக்கச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "தம்பிதான்க்கா அதிகமா வைக்கச் சொன்னாரு. ரோடு மோசம், ரிம் அடி வாங்கும், வண்டி எப்ப வந்தாலும் கல்லு மாதிரி வச்சிருங்கன்னு போன் பண்ணாரே" என்றார். எப்போது என்று கேட்டேன். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம்.

அந்த வாரம் உனக்கு இங்கே லைனே கிடைக்கவில்லை என்றாய். டயர்க் கடைக்கு மட்டும் கிடைத்திருக்கிறது.

நான் அங்கேயே கத்தினேன். காரணமே இல்லாமல் தொந்தி மெக்கானிக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார். சொன்னவனை விட்டுவிட்டுச் செய்தவனை ஏன்க்கா பிடிக்கிறீங்க என்று அவர் கேட்டதும் நியாயம்தான். சொன்னவன் கைக்கு எட்டவில்லை. உனக்கு இரும்புக்கு அடிபடக் கூடாது, அவ்வளவுதான் கவலை. அந்த அடியெல்லாம் வெட்டித் தைத்த முதுகில் போய் இறங்கும் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? தோன்றவில்லை என்றால் நீ முட்டாள். தோன்றியும் சொன்னாய் என்றால், அதற்கு என்ன பெயர் என்று நான் எழுத மாட்டேன்.

காற்றை ஸ்டிக்கர் அளவுக்கு இறக்கினேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். ஒழுங்கான வழி, பெரிய வீலைக் கழற்றிவிட்டுச் சின்ன வீலையும் தடித்த டயரையும் போடுவது. அம்மாவிடம் சொன்னேன். "என் பிள்ளை ஆசையா மாட்டினது. ஒரு நட்டைக்கூடத் தொடாதே" என்றாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நானும் அவள் குஞ்சுதான், ஆனால் நான் பக்கத்திலேயே இருக்கிறேன், அதனால் இரும்பாகிவிட்டேன் போலிருக்கிறது.

சரி, உன் வீல் அப்படியே இருக்கட்டும், அதற்கு மேல் நல்ல டயராவது போடுவோம் என்று முடிவு செய்தேன். தொந்தி மெக்கானிக் முதலில் வேகமாக ஓட்டுகிறவர்களுக்கான ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். வண்டி ரோட்டைப் பிடிக்கிற பிடியே தனி என்றார். எனக்குப் பிடி வேண்டாம், பின்சீட்டில் முனகல் கேட்கக் கூடாது என்றேன். கடையில் இருந்ததை எல்லாம் இறக்க வைத்து, ஒவ்வொன்றின் பக்கவாட்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். சொகுசுப் பயணத்துக்கென்றே செய்த ஒன்று கிடைத்தது. பக்கவாட்டு ரப்பர் மெத்தென்று வளைந்து கொடுக்கிறது, இப்போது இருப்பதைவிட ஒரு விரல் உயரம். பாரம் தாங்குமா, திருப்பும்போது உள்ளே எங்காவது தட்டுமா என்று ஒன்றை மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்க்கச் சொன்னேன். தட்டவில்லை. முக்கியமாக, ரிம்மைச் சுற்றி ரப்பரிலேயே ஒரு தடித்த உதடு வெளியே நீண்டிருக்கிறது. கல்லை உரசினால் அதுதான் உரசும், ரிம் இல்லை. நான் பழையபடி நடைபாதையை ஒட்டி நிறுத்தலாம். உன் பளபளப்புக்கும் ஒன்றும் ஆகாது. ஆக, உனக்காகவும் சேர்த்துத்தான் பார்த்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

டயர் நான்கையும் கடையில் எடுத்து வைக்கச் சொல்லியாகிவிட்டது. மாட்டத்தான் முடியவில்லை. நேற்று வண்டியை வெளியே எடுத்தபோது அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்து முன்னால் நின்றுவிட்டாள். "அவனைக் கேட்டியா?" என்றாள். கேட்டேன், சரி என்றான் என்று பொய் சொன்னேன். "சரின்னா என்கிட்டயே சொல்லியிருப்பானே" என்றாள். பிறகு அங்கேயே நின்றபடி, அவனுக்குத் தெரியாமல் மாற்றினால் அந்த வண்டியில் ஏறவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பத்தடியை நடப்பதற்குள் மூன்று இடத்தில் சுவரைப் பிடித்தாள்.

ஆகவே உன்னிடம் கேட்கிறேன். கேட்க எனக்கு நாக்கு கூசுகிறது. நீ அம்மாவுக்குப் போன் செய். எனக்கு இல்லை, அம்மாவுக்கு. டயரை நீதான் பார்த்தாய், நீதான் மாற்றச் சொன்னாய், ரிம்மில் எத்தனை கீறல் விழுந்தாலும் பரவாயில்லை, பயிற்சிக்குப் போ அம்மா என்று சொல். முதலில் அவள் நின்றதைப் பற்றிச் சொல், வீலைப் பற்றிப் பிறகு சொல். அக்கா தேர்ந்தெடுத்தாள் என்று ஒரு வார்த்தை வாயில் வந்துவிடக் கூடாது. வந்தால் ஏற மாட்டாள்.

நீ போட்ட டயர் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வருவாள். சொல்லட்டும். முன்சீட்டில் ஓட்டிக்கொண்டே கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அவள் நடக்க வேண்டும்.

உன் மேல் இருக்கிற கோபம் ஆறவில்லை, ஆறும் என்று எதிர்பார்க்காதே. ஆனாலும் நீ நன்றாக இரு. உனக்கு ஏதாவது ஒன்று என்றால் அதையும் அவள்தான் தாங்க வேண்டும்.

இப்படிக்கு,
அக்கா