உன் வீட்டில் என் மதியத் தூக்கம்

போன வாரம் உன் வீட்டுக் கதவைத் திறந்ததும் அந்த வாடை வந்து மூக்கில் ஏறியது. கடலுக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கென்று ஒரு வாடை உண்டு. உப்பு ஈரம், பழைய பெயின்ட், மாதக்கணக்கில் ஓடாத ஏசியைப் போட்டதும் கருகுகிற தூசி. வீடு பார்க்க வந்த தம்பதி முகம் சுளிப்பதற்குள் புரோக்கர் அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

"வாடையப் பாக்காதிய சார். ஓனர் ஃபாரின்ல இருந்தவரு. இந்த வீட்ல ஒரு நாள்கூடத் தங்கல. பொட்டி பிரிக்காத டிவின்னு வச்சுக்கிடுங்க."

நான் பால்கனிக்குப் போய், துறைமுகத்துக் கிரேன்களை வாழ்க்கையில் முதல் தடவை பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓனர் தங்காத அந்த வீட்டில் மூன்று கோடை தங்கியவன் நான்தானே.

நீ இந்த வீட்டை வாங்குகிறேன் என்று சவூதியிலிருந்து போன் பண்ணியபோது நான் சிரித்தேன். கல்லூரிக் காலத்தில் ஒரே அறையில், ஒரே தலையணைக்குச் சண்டை போட்ட உரிமையில் கேட்டேன். "காயல்பட்டினத்துல ஒன் பொண்டாட்டி வீடு அரண்மனை கணக்கா இருக்கு. ஒனக்கு எதுக்குலே தூத்துக்குடியில ஃபிளாட்டு?"

"அது பொண்டாட்டி வீடுலே. எங்க ஊர்ல வீடெல்லாம் பொம்பளையளுக்குத்தான். பொறந்தது உம்மா வீடு, அது தங்கச்சிக்குப் போயிட்டு. நிக்காஹ் முடிஞ்சதும் மாமியா வீட்டுக்குப் போனேன். இத்தன வருசமாச்சு, லீவுல போனா இன்னும் எல்லாரும் எந்திரிச்சு நின்னு 'வாங்க வாங்க'ன்னுதான் சொல்லுதாக. யாரும் 'வாங்க'ன்னு சொல்லாத வீட்டுக்குள்ள நானே கதவத் தொறந்து போயி மல்லாக்கப் படுக்கணும்லே. ஒரு ராத்திரியாவது."

நல்ல வசனம் என்று மனதில் குறித்துக்கொண்டேன். வாரப் பத்திரிகைக்குத் துணுக்கு எழுதிப் பிழைப்பவனுக்கு நண்பன் வாயிலிருந்து விழுவதெல்லாம் சரக்குதான்.

பத்திரப் பதிவுக்கு உன் தம்பிதான் வந்தான். கட்டிலும் ஏசியும் வாங்கிப் போட்டது நான், நீ சொன்னபடி. சாவி என்னிடம் இருந்தது. "எப்பவாவது போயி சன்னலத் தொறந்து விடு" என்றாய். அவ்வளவுதான் நீ சொன்னது. மீதி எல்லாம் என் கற்பனை வளம்.

என் வாடகை வீடு உனக்குத் தெரியும். மேல் மாடி, தலைக்கு மேலே வெறும் தளம். ஊர் வளர்கிறது என்று எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். உப்பளத்து ஓரமெல்லாம் கலர் கல் நட்டுக் கொடி கட்டினார்கள். எந்த மனை வாங்கினாலும் ஏர்போர்ட்டுக்குப் பத்தே நிமிடம். ஒரு மணி நேரம் தள்ளியிருக்கிற சாத்தான்குளத்துக் காட்டுக்குள்ளேகூட அப்படி ஒரு போர்டு பார்த்தேன். எங்கள் தெருவும் தன் பங்குக்கு வளர்ந்தது. கிழக்கே நாலு மாடி எழும்பியதும், மதியம் எட்டிப் பார்க்கிற கடல் காற்று எதிர்வீட்டோடு திரும்பிப் போய்விட்டது. சித்திரை வந்தால் நானும் என் மனைவியும் வீட்டுக்குள் இருப்பதில்லை, வெந்துகொண்டிருப்போம்.

முதலில் சன்னலைத் திறக்கத்தான் போனேன். திறந்த சன்னலருகே கொஞ்சம் நின்றேன். மூன்றாவது மாடியில் காற்று என்னமாய் வந்தது. அடுத்த தடவை, ஓடாமல் கிடந்தால் ஏசி கெட்டுப்போகும் என்று மெக்கானிக் சொன்னது நினைவுக்கு வந்தது. ஓட விட்டேன். ஓடுகிற ஏசியை நின்றுகொண்டா பார்ப்பார்கள்? கட்டிலில் சாய்ந்தேன். அப்புறம் ஒரு தலையணை போயிற்று. அப்புறம் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு சாரம். "அண்ணன் வீட்ல ஏசி சும்மா கெடக்கு, இங்கன நான் ஒருத்தி அவிஞ்சு சாகுதேன்" என்று மனைவி சொன்னதும் அவளும் வந்தாள். அவளோடு அடுப்பு, அரிவாள்மணை, பால்கனியில் காயப்போடக் கூழ்வத்தல்.

இதில் பெரிய கூத்து, குடியிருப்போர் சங்கம். என்னை ஓனர் என்று நினைத்துக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மறுத்துச் சொல்ல வாய் திறந்தவன், லிஃப்ட் சரியில்லை என்று அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

இரண்டாவது கோடையில்தான் நீ வந்தாய்.

இன்டர்காம் அடித்தது. "சார், ஒங்களப் பாக்க ஒருத்தர் வந்துருக்காரு" என்றான் வாட்ச்மேன். யார் என்றுகூட நான் கேட்கவில்லை. வாயில் தர்பூசணி. "மேல அனுப்பு" என்றேன். உன் வீட்டுக்குள் நீ வர நான் கொடுத்த அனுமதி அது.

கதவைத் திறந்தால் நீ. நான் மேல்சட்டை இல்லாமல், தாடியில் தர்பூசணிச் சாறு ஒழுக நிற்கிறேன். "வா வா" என்றேன்.

நீ ஒரு நொடி என்னைப் பார்த்தாய். உள்ளே கட்டியிருந்த கொடிக்கயிற்றையும் அதில் தொங்கிய என் மனைவியின் சேலையையும் பார்த்தாய். பிறகு செருப்பை வெளியே ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, "சும்மா இந்தப் பக்கம் வந்தேம்லே. உக்காரலாமா?" என்று கேட்டாய்.

பதற்றத்தில் மனுஷன் என்னென்னவோ பேசுவான். நான் உனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினேன். "பாத்ரூம் எங்கன?" என்று நீ கேட்டதும் கூடவே வந்து விளக்கைப் போட்டு, "தண்ணி ஃபோர்ஸப் பாருலே" என்று குழாயைத் திறந்து பெருமைப்பட்டேன். என் மனைவி நன்னாரி சர்பத் கலக்கிக் கொண்டுவந்தாள். என் பதற்றம் அவளுக்கும் தொற்றியிருந்தது. அந்தப் பதற்றத்தில்தான் அவள் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

"ரெண்டு நாளு தங்கிட்டுப் போங்களேன் அண்ணே."

நீ சிரிக்கவில்லை. சர்பத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாய். "இருக்கட்டும் தங்கச்சி, இன்னொரு நாளைக்கு வாரேன். வத்தலு நல்லாக் காஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்தாய். வாசலில் என் தோளைத் தட்டினாய். "ஏசிக்கு சர்வீஸ் பண்ணிக்கோலே. வெயிலு கூடத்தான செய்யும்."

நீ போன பிறகு வாட்ச்மேன் மேலே வந்தான், யாரோ கொடுத்த கூரியரோடு. "அந்த சாரு யாரு சார்? பெரிய பெட்டியோட வந்தாரு. பெட்டி மேல புதுப் பாய் ஒண்ணு சுருட்டிக் கட்டியிருந்துச்சு. சார் குடும்பத்தோட மேல இருக்காருன்னு நான் சொன்னதும், 'இங்கனயே இருக்கட்டும், எறங்கி வந்து சொல்லுதேன்'னு வச்சுட்டு வந்தாரு. போகையில ஆட்டோவுல ஏத்திக்கிட்டாரு" என்றான்.

அன்றைக்கு நாங்கள் சாமானைக் கட்டிக்கொண்டு வெளியேறினோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒரு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. எட்டாம் நாள் கரண்ட் போய் வந்து, என் வீட்டு மின்விசிறி புகைந்தது. 'ஏசிக்கு சர்வீஸ் பண்ணிக்கோலே' என்று நீ சொன்னதை அனுமதி என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். நீ அதை எப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் போய்ப் படுத்தேன். அந்த ராத்திரி பெட்டியும் பாயுமாக நீ எங்கே தங்கினாய் என்று கடைசிவரை கேட்கவில்லை. போனில் நாம் எவ்வளவோ பேசினோம். அந்த நாளைப் பற்றி மட்டும் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அடுத்த கோடையில் நீ சவூதியிலேயே மாரடைத்துப் போனாய், அங்கேயே அடக்கமும் ஆனது. உன் தம்பி போனில் அழுதபோது நான் எங்கே படுத்திருந்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏசியை அணைக்க ரிமோட்டைத் தேடினேன். கை அதன் மேலேயே இருந்தது. அந்த வாரமே சாமானையெல்லாம் எடுத்து வந்துவிட்டோம். ஊரில் ஒருத்தரை விடாமல் கிண்டல் பண்ணி எழுதியிருக்கிறேன். என்னை வைத்து ஒரு வரி எழுத இன்றைக்குவரை வரவில்லை.

இப்போதுதான் உன் மனைவி வீட்டை விற்கலாம் என்று முடிவு பண்ணினாள். அவளுக்கோ ஊரில் சொந்த வீடு இருக்கிறது. புரோக்கர் கூட்டிவந்த தம்பதிக்கும் பிடித்துப்போனது. கணவன் போனபின் வெளியே வராமல் இருக்கிற இத்தாவை முடித்தவள், கைமாறுவதற்கு முன் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று முந்தாநாள் கார் எடுத்து வந்தாள். அவள் இந்த வீட்டுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் முறை.

கூடத்தில் நின்றாள். சமையலறையை எட்டிப் பார்த்தாள். "ஒரு ராத்திரி இங்கன தூங்கிட்டுத்தான காக்கா, அவங்க ஊருக்கு வந்தாங்க" என்றாள். அவள் என்னை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். "அந்த லீவுல. காலையில வந்து எறங்குனதும் ஒரே சிரிப்பு. 'எவனும் வாங்கன்னு சொல்லல, என் வீட்ல நான் பாட்டுக்குப் பாய விரிச்சுத் தூங்குனேன்'னு சொன்னாங்க. ரொம்ப நாளைக்கி அதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

என்னை அவளிடம்கூட நீ காட்டிக்கொடுக்கவில்லை.

அவள் படுக்கையறைக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில், வெள்ளைப் பெயின்ட்டில், உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. மூன்று கோடை மதியங்களில் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்த தலையின் கறை. நானே அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவள் குனிந்து அதையே பார்த்தாள்.

"அவங்க தலைதான காக்கா?"

"ஆமா" என்றேன்.

அவள் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கிளம்பும்போது முக்காட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "புரோக்கர்ட்ட வேண்டான்னு சொல்லிருங்க காக்கா. இத விக்க மாட்டேன். அவங்க இருந்த வீடு. ஒங்கள விட்டா யாரு பாத்துக்கப் போறா? நீங்களே வச்சிருங்க."

நேற்று கத்திரி தொடங்கிவிட்டது. என் மனைவி முந்தானையால் விசிறிக்கொண்டே, "ஏன் இங்கன கெடந்து வேகுதிய? அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வாங்களேன்" என்கிறாள். நடந்ததை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த வேக்காட்டுத் தளத்துக்குக் கீழே, அந்த ஒரு 'ஆமா'வோடு படுத்திருக்கிறேன். அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு உன் மனைவியிடம் உண்மையைச் சொல்லலாம் என்றால், உனக்கு அந்த வீட்டில் இருக்கிற ஒரே ராத்திரியும் அதோடு போய்விடும்.