கிவாவுக்குப் போய் வந்த கோபம்

மனோர் பார்க்,
லண்டன்.
ஞாயிறு காலை

அன்பு மகள் சயந்தினிக்கு அம்மா எழுதிறது.

நான் சுகமாய் வந்து சேர்ந்திட்டன். சுகம் எண்டது உடம்புக்கு மட்டும்தான், மனம் கொதிச்சுக்கொண்டு கிடக்குது. போனில சொன்னால் "சிக்னல் இல்லை அம்மா" எண்டு வைச்சிடுவாய். அதுதான் கடிதம்.

நீ வேலை செய்யிற கிவா வடிவான ஊர்தான், இல்லையெண்டு சொல்லேலாது. பாலைவனத்துக்கு நடுவில அவ்வளவு தண்ணி, அவ்வளவு பழம், நீல ஓடு பதிச்ச கோபுரம். பட்டு வியாபாரிகள் ஒட்டகத்தில வந்து இறங்கின இடமெண்டு நீ சொல்லேக்க எனக்கும் புல்லரிச்சது. ஆனால் பிள்ளை, ஒட்டகம் வந்த வழி பார்க்கவோ நான் பிளேன் மாறி மாறி வந்தனான்? கொப்பரோட எப்ப கதைக்கப் போறாய் எண்டு கேட்க வந்தனான். நான் வாயைத் திறக்கிற நேரமெல்லாம் நீ பழைய பள்ளிவாசலில ஒரு மரத்தூணைக் காட்டி, "இதைத்தான் நாங்கள் திருத்திறம், எவ்வளவு பழசு தெரியுமே" எண்டாய். அந்தப் பள்ளிவாசலுக்குள்ள இருநூறுக்கு மேல தூண். ஒவ்வொண்டுக்கும் உன்னட்ட ஒரு கதை இருந்தது. பெத்த தகப்பனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அவர் பேசினது பிழைதான். நல்ல பாங்க் வேலையை விட்டிட்டு மண்சுவர் பூசப் போறாய் எண்ட ஆத்திரத்தில, "இனி இந்த வாசல் மிதியாதை" எண்டு சொல்லிப்போட்டார். இரண்டு வருஷமாகுது. நீயும் அவரைப் போலதான், பிடிச்ச பிடி விடமாட்டாய். நடுவில நான் கிடந்து இழுபடுறன்.

நான் வீட்டுக்குத் திரும்பி வந்த அண்டைக்குக் கொப்பர் ரீவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடேக்கதான் மெல்ல, "என்னைப் பற்றி ஏதும் கேட்டவளோ?" எண்டார். நீ கேட்கேல்லை. நிண்ட நாள் முழுக்க ஒருக்காலும் கேட்கேல்லை. அவற்ற முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு ஏலாமல் போச்சு. "ஓம், கால் எப்பிடி எண்டு கேட்டவள்" எண்டு சொல்லிப்போட்டன்.

அவற்ற கை சோத்திலயே நிண்டிட்டுது. "நான் விழுந்தது அவளுக்குத் தெரியாதே" எண்டார். பிறகு கோப்பையைக் கழுவி வைச்சிட்டுப் படுக்கப் போயிட்டார்.

ஓம் பிள்ளை, மாசியில படியில சறுக்கி விழுந்து கால் முறிஞ்சது. இப்பவும் தடி ஊண்டித்தான் நடக்கிறார். "அவளுக்குச் சொல்லாதை, பாவம் பார்த்துக் கதைக்கிறவள் எனக்கு வேண்டாம்" எண்டு என்ர வாயை அடைச்சு வைச்சவர். நான் அந்த அவசரத்தில அதை மறந்துபோனன். இப்ப இரண்டு பேரிட்டையும் நான்தான் பொய்க்காரி.

மன்னிப்புக் கேள் எண்டு நான் சொல்லேல்லை. வீட்டு நம்பருக்கு ஒருக்கால் எடு. மணி அடிச்சால் நான் அசையமாட்டன், அவர்தான் எழும்பி வரவேணும். "கால் எப்பிடி அப்பா" எண்டு மட்டும் கேள். நான் சொன்ன பொய்யை நீ உண்மையாக்கிப் போடு.

வெய்யிலுக்குள்ள ஏணியில நிக்காதை. முருகன் உனக்குத் துணை இருப்பான்.

உன்னோட கோபமாய் இருக்கிற
அம்மா சந்திரவதனா