வலது ஓரத்தில் யாரோ

என் அன்பு வீட்டுக்காரருக்கு,

நாங்கள் நலம். போனில் சொன்னால் சரி சரி என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் உங்கள் கம்பெனி விலாசத்துக்குக் கடிதம். லாரியில் லோடு ஏற்றும் நேரத்திலாவது முழுசாகப் படியுங்கள்.

டாக்டரம்மா எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பிள்ளைதான் ஓயாமல் உதைக்கிறது, அப்பனைப் போலவே என்னைத் தூங்கவிடுவதில்லை. அம்மா வந்துவிட்டாள். சமையலறையில் என் சாமான் ஒன்றுகூட இப்போது இருந்த இடத்தில் இல்லை.

வேலைக்கு இன்னும் போகிறேன், திட்டாதீர்கள். நெடுஞ்சாலையில் வண்டிகளின் வேகத்தைக் குறிக்கிற வேலை. முதல் நாள் ஒரே கூத்து. பாதுகாப்புக்கென்று பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டையை மாட்டிவிட்டு, வேகம் பார்க்கும் கருவியோடு சாலையோரம் நிறுத்திவிட்டார்கள். வருகிறவனெல்லாம் எங்களைப் போலீஸ் என்று நினைத்துப் பிரேக்கை மிதித்தான். எங்களை வேலைவாங்கும் எஞ்சினியரம்மா கணக்கைப் பார்த்துவிட்டு, ஊரே ஒரே நாளில் திருந்திவிட்டதா என்று கேட்டார். மறுநாள் எங்களை ஒரு பழைய வேனுக்குள் ஒளித்துவைத்தார். இந்த வயிற்றோடு நான் அதில் ஏறியதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றைய வேகங்களைக் கம்ப்யூட்டரில் போட்டதும், நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிகிற ஒரு மேடு வந்தது. முறத்தில் கொட்டிய அரிசி குவிந்த மாதிரி. ஒருவனுக்குக் கோபம், ஒருவனுக்குப் பசி, ஒருத்தி பாட்டுக் கேட்டபடி போகிறாள். யாரும் யாரையும் கேட்டு ஓட்டவில்லை. ஆனால் அடுத்த நாளும் வேறு வண்டிகள், வேறு ஆட்கள், அதே மேடு. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டதுங்க.

இதையும் கேளுங்கள். காலையில் கொஞ்சம் வண்டிகளை மட்டும் பார்த்து, அவற்றின் சராசரியையும், வேகங்கள் அதிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பதையும், வழக்கமாக ஒரு நாளில் போகும் வண்டிகளின் எண்ணிக்கையையும் வைத்து, இன்று நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி நாற்பது வண்டி போகும், ஐந்தாறு கூடலாம் குறையலாம் என்று எஞ்சினியரம்மா எழுதிவைத்தார். சாலையின் குறுக்கே போட்டிருந்த, ஏறிப்போகும் வண்டிகளை வேகத்தோடு எண்ணும் ரப்பர் குழாய் சாயங்காலம் காட்டியது முப்பத்தெட்டு. அவர் எழுதும்போது அதில் பாதிப்பேர் வீட்டைவிட்டே கிளம்பியிருக்க மாட்டார்கள்.

அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை. மேட்டின் வலது ஓரம், அதுதான் மிக வேகமாகப் போகிறவர்களின் பக்கம், ஒருநாளும் காலியாக இருக்காதும்மா, யாராவது அங்கே இருந்தே தீருவார்கள், யாரென்று மட்டும் கணக்குச் சொல்லாது என்றார். மோசமான விபத்துகளில் சிக்குவதும் பெரும்பாலும் அவர்கள்தானாம்.

திமிர் பிடித்தவர்கள், படட்டும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் உங்கள் போன். பிரசவத்துக்குள் வந்துவிட வேண்டும், இரண்டு நாள் தூரத்தை ஒரே நாளில் அடித்துவிடுவேன் என்று பெருமையாகச் சொன்னீர்கள். அந்த ஓரத்தில் இருப்பவர்களும் யாரோ ஒருத்தியிடம் இப்படிச் சொல்லிவிட்டு வந்தவர்கள்தானே.

அந்த ஓரத்தைக் காலிசெய்ய என்னால் முடியாது. உங்களை மட்டும் அங்கேயிருந்து இழுத்துக்கொள்ளப் பார்க்கிறேன். இன்னொருத்திக்கு யார் எழுதுவார்கள் என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். பிள்ளை பிறந்தபிறகே வாருங்கள். வழியில் நிறுத்தித் தூங்குங்கள். முதல் பிள்ளை பிறந்தபோதுகூடப் பக்கத்தில் இல்லையே என்று ஆயுசு முழுக்க உங்களைத் திட்டிக்கொண்டிருக்க எனக்கு ஆசையாக இருக்கிறது. அந்தப் பாக்கியத்தை எனக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி