நம் வீட்டுச் சுவரில் உன் பேர்

என் பிரியமான பவுனக்கா,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. சென்னையில் உன் வீட்டுக் கூடத்தில், மாலைகளுக்கு நடுவே உன்னைப் பார்த்ததுதான் கடைசி. அன்றைக்குச் சொல்ல வாய் வராத ஒன்றை நேற்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் ஊருக்குச் சொன்னது தப்புதான். அதனால்தான் இந்தக் கடிதம்.

தேரடித் தெருவுக்குப் பின்னால் சந்துக்குள் இருக்கிறதே நம்ம பழைய வீடு, அதன் முன்சுவரில் உன் பேர் போட்டுக் கருங்கல் பலகை வைத்திருக்கிறார்கள். உன் ரசிகர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து செய்தது. அப்பா காலத்துக்குப் பிறகு வீடு கைமாறியது உனக்குத் தெரியும். இப்போது அங்கே செல்வி என்று ஒரு டீச்சர் இருக்கிறாள். தினமும் கீழ்பென்னாத்தூருக்கு பஸ்ஸில் போய்வருகிறாள். கல் வைக்கலாமா என்று கேட்டதும், எங்களுக்குப் பெருமைதாங்க என்று உடனே ஒத்துக்கொண்டாளாம்.

போன மாதம் விழாக்குழுத் தலைவர் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். நல்ல மனுஷர், ரிட்டயரான தபால்காரர். நீ உட்கார்ந்து பாடிப் பழகின அறை எது என்று கேட்டார். உனக்கு ஏது அறை? அப்பா கடலை மண்டிக்கு எடை போடப் போன பிறகு, கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டே பாடுவாய். அவர் செருப்புச் சத்தம் சந்துமுனையில் கேட்டதும் நிறுத்திவிடுவாய். கிணற்றடியைக் காட்டினேன். இப்போது கிணற்றை சிமெண்ட் பலகையால் மூடி, மேலே வாஷிங் மெஷின் வைத்திருக்கிறார்கள். இதை எப்படி போட்டோ எடுப்பது என்று தெரியாமல் பாவம், அவர் முழித்தார்.

அப்புறம் கல்லில் செதுக்கியிருந்த வாசகத்தைக் காட்டினார். 'தந்தையாரின் ஆசியோடு இசை பயின்ற இல்லம்.' இரண்டு தரம் படித்தேன். அப்படி இல்லைங்க என்றேன். அவர் கொஞ்சம் தயங்கி, செதுக்கி முடித்தாயிற்று, நல்ல காரியத்தில் பழையதையெல்லாம் எதற்குக் கிளறணும் என்றார். நானும் பேசாமல் வந்துவிட்டேன். பேசாமல் இருப்பது எனக்கென்ன புதுசா?

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். அம்மா செத்து ஒரு வருஷம். உனக்குப் பதினெட்டு வயசு, எனக்குப் பதினொன்று. எனக்குச் சோறு போட்டு, தலை பின்னி, ஸ்கூலுக்கு அனுப்பினதெல்லாம் நீதான். வேலூரில் ஒரு கச்சேரிக் குழுவில் பாடக் கூப்பிட்டார்கள். மேடையேறிப் பாடுகிற பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்று அப்பா கத்தினார். போனால் திரும்பி வராதே என்றார். நீ போனாய். மறுநாள் மத்தியானம் பஸ் பிடித்துத் திரும்பியும் வந்தாய்.

நீ சந்துக்குள் நுழைவதை அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். என்னைத்தான் தாழ்ப்பாள் போடச் சொன்னார். போட்டேன் அக்கா. கைக்கு எட்டவில்லை, முக்காலியை இழுத்துப்போட்டு ஏறிப் போட்டேன்.

நீ தட்டினாய். "சாந்தி, அக்கா வந்திருக்கேன். கதவத் தொற" என்று இரண்டு தரம் கூப்பிட்டாய். அப்பா என் பின்னால் பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். மூன்றாம் தரம் நீ கூப்பிடவில்லை.

அதன் பிறகு நீ மெட்ராஸ் போனதும், வீட்டுக்கு வீடு உன் குரல் கேட்டதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அப்பா மட்டும் கடைசிவரை மாறவே இல்லை. டீக்கடையில் உன் பாட்டு வந்தால் பாதி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். நீ சாமி பார்க்க வரும்போதெல்லாம் செங்கம் ரோட்டு லாட்ஜில் தங்கி எனக்கு ஆள் அனுப்புவாய். புடவை தருவாய், என் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்வாய். அன்னைக்கு ஏன்டி கதவைத் திறக்கல என்று ஒரே ஒரு தரம் நீ கேட்டிருக்கலாம். நீ கேட்டால் சொல்லிவிடலாம் என்று நானும் காத்திருந்தே கிழவியாகிவிட்டேன்.

நேற்று காலையில் விழா. சந்து முழுக்க நாற்காலி. உன் மகள் நித்யா வந்திருந்தாள். பேசினவர்கள் எல்லாரும் அப்பாவைப் புகழ்ந்தார்கள். ஒருத்தர் அவரை உன் முதல் குரு என்றே சொல்லிவிட்டார். பிறகு மைக் என் கைக்கு வந்தது. எழுதிக்கொண்டு போன நாலு வரி கண்ணுக்குத் தெரியவில்லை.

"எங்கப்பா அவளப் பாட விடல. அவ திரும்பி வந்தப்ப, உள்ள தாழ்ப்பாள் போட்டது நான்தான்" என்றேன்.

மைக்கைக் கீழே வைத்தேன். யாரும் கைதட்டவில்லை. தலைவர் குனிந்துகொண்டார். செல்விதான் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள்.

நித்யா பின்னாலேயே வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். என் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியும் சித்தி. நீங்க உள்ள அழுதது அவங்களுக்குக் கேட்டுச்சாம். இன்னும் தட்டிக்கிட்டே இருந்தா கொழந்தைக்கு அடி விழும்னுதான் கெளம்பிட்டேன்னு எங்கிட்ட சொல்லியிருக்காங்க."

எனக்காகவா போனாய் அக்கா? அந்த வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தாயே, ஏதாவது சாப்பிட்டிருந்தாயா? லாட்ஜில் என் பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டே இதை ஒரு நாள் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? நான் கூசிப்போவேன் என்று பார்த்தாயோ? இனி யாரிடம் கேட்பேன்.

சாயங்காலம் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. அந்த வரியைத் தேய்த்து எடுத்துவிடலாம், அந்த இடத்தில் என்ன போடலாம் என்று நீங்களே சொல்லுங்கம்மா என்றார். 'பதினெட்டு வயதில் இங்கிருந்து தனியாகப் புறப்பட்டார்' என்று சொன்னேன். அப்படியே எழுதி, ஒரு தடவை எனக்குப் படித்துக் காட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் கல்தச்சர் வருகிறார். அவருக்கு முன்னாலேயே போய், செல்வியிடம் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டு அந்தச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். மூட்டு வலித்தாலும் வெயில் ஏறினாலும் சரி, கடைசி எழுத்து முடிகிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
சாந்தி
திருவண்ணாமலை