பெட்டியிலிருந்து போன பாய்

லூபேயின் அப்பாவுக்கு, கர்த்தர் துணை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் அக்கா என்னை நிறுத்தி, "லூபே பிஜிக்குப் போய் இன்ஜினியரிங் படிக்கட்டும்" என்றார். அவள் டீச்சராக வேண்டுமென்று ஜெபிக்கிறவள் நான். ஆனால் அத்தை சொல்லை மீறி டோங்காவில் எந்தத் தாய் வாய் திறந்திருக்கிறாள்?

"படிச்சா இங்க வேலை கிடைக்குமா அண்ணி?"

"புயலுக்குப் புயல் உடையிற துறைமுகத்தை எத்தனை நாள் வெளியூர்க்காரன் வந்து கட்டுவான்?"

அது அவர் பேச்சே இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று நினைத்தேன்.

நேற்று அவர் வீட்டுக்குப் போனால், என் பெட்டியில் பொன்னைப்போல் பொத்திவைத்துக் காத்த பாய் அங்கே விரித்திருக்கிறது. லூபே நெய்தது.

லூபேயைக் கேட்டதற்கு, "பாயையும் குடுத்து, பேச்சையும் நான்தான் சொல்லிக்குடுத்தேன். நான் கேட்டா விடமாட்டே. அத்தை சொன்னா விடுவேல்ல?" என்கிறாள்.

எங்கே தள்ளினால் எது நகரும் என்று இப்போதே தெரிந்திருக்கிறது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெட்டிக்குப் பூட்டும் போட்டுவிட்டேன்.

உங்களை வீணாகச் சந்தேகப்பட்ட,
உங்கள் மனைவி