ஓடைக்கு அக்கரையில் மேயர்

எல்ம் ஃபோர்டு, அயோவா
1873, மே மாதம்

என் செல்ல மகள் லொவீனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் அந்த ஆரிகன் மழையில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் கேட்கிறேன். சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, ஆப்பிள் மரங்கள் இந்த வருஷம் சீக்கிரமே பூத்துவிட்டன, பாதிரியாருக்கு இன்னமும் பல்வலி, அதனால் பிரசங்கம் குட்டையாக முடிந்துவிடுகிறது, யாருக்கும் வருத்தமில்லை.

அப்பாவை ஊரே சேர்ந்து மேயர் பதவியிலிருந்து துரத்தியதாகப் பத்திரிகையில் வந்திருக்கிறதே, என்ன தப்பு செய்தார் என்று கேட்டு எழுதியிருந்தாய். அழுதுகொண்டே எழுதினாய் போலிருக்கிறது, மை கரைந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேள். மார்ச் கடைசியில் நார்வேக்காரக் குடும்பம் ஒன்று ரயிலில் வந்து இறங்கியது. ஹால்வோர் என்பவன், அவன் மனைவி இங்கெபோர், ஆறேழு வயதில் மாரித் என்று ஒரு பெண் குழந்தை. தாய்க்கும் மகளுக்கும் முகமெல்லாம் பெரியம்மை. ரயில் போய்விட்டது, பாதி ஊர் துப்பாக்கியோடு ரயிலடிக்கு வந்து நின்றது, எல்லோருக்கும் முன்னால் மாவு மில் ஸ்ட்ரௌடு. வந்த வழியே நடக்கட்டும், ஊருக்குள் கால் வைத்தால் சுடுவோம் என்கிறார்கள். தண்டவாளமெல்லாம் பனி, அந்தத் தாயால் நிற்கவே முடியவில்லை. அப்பா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், "பட்டாளத்திலயே எனக்கு இது வந்து போயிடுச்சு, திரும்ப ஒட்டாது, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். ஸ்ட்ரௌடு விடவில்லை. "நீங்க ஊருக்கு மேயரா, வியாதிக்கு மேயரா? அடுத்த வாரம் ஓட்டு இருக்கு, ஞாபகம் வெச்சுக்குங்க" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டான். "ஞாபகம் இருக்குப்பா, குழந்தைக்குக் குளிருது, நீ கொஞ்சம் தள்ளி நில்லு" என்று சொல்லிவிட்டு, இருக்கிற ஒற்றைக் கையால் அந்தக் குழந்தையைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தாராம்.

ஓடைக்கு அக்கரையில் பழைய தோல் கிடங்கு இருக்கிறதே, அங்கேதான் அவர்களோடு தங்கினார். ஒரு கையால் தண்ணீர் சுமந்து, கஞ்சி காய்ச்சி, புண்ணைக் கழுவி எல்லாம் அவரேதான். நான் தினமும் ரொட்டியும் சூப்பும் கொண்டுபோய் இக்கரைப் பாறையில் வைத்துவிட்டுப் பின்னால் வந்து நிற்பேன், அப்புறம்தான் அவர் வந்து எடுப்பார். தாடி வளர்ந்து கரடி மாதிரி இருந்தார். ஓட்டு எண்ணி முடித்த அன்று நான்தான் அடிவயிற்றிலிருந்து கத்திச் சொன்னேன், தோத்துட்டீங்க, ஸ்ட்ரௌடு ஜெயிச்சுட்டான் என்று. சூப்பை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார். பிறகு, "அப்பாடா, சாக்கடைச் சண்டையெல்லாம் இனி அவனே தீர்த்து வைக்கட்டும். சூப்புல உப்பு பத்தல தெர்சா" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மகள் பிழைத்தாள், தாய் பிழைக்கவில்லை. அப்பா வீட்டுக்கு வந்த அன்று நாவிதன் கடைக்குள்ளேயே விடவில்லை, பின்வாசலில் நானே சவரம் செய்தேன். பட்டாளத்துச் சண்டையைப் பற்றி வாயே திறக்காத மனுஷர் அப்போதுதான் சொன்னார். "டென்னஸியில பின்வாங்குன்னு உத்தரவு வந்தப்ப, குண்டடிபட்டுக் கிடந்த என் கூட்டாளி அமோஸை அப்படியே விட்டுட்டு ஓடினோம், என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டே இருந்தான். இந்தத் தடவையும் ஓடத்தான் சொன்னாங்க, நான் ஓடல. சாகக் கிடந்த அந்தம்மாவுக்கு நம்ம பேச்சு புரியாது, கையைப் பிடிச்சுக்கிட்டேன், அது புரிஞ்சுது." கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் தலையை என் மேல் சாய்த்துக்கொண்டேன். ஊரில் வேறு யாருக்கும் அம்மை வரவில்லை. தான் துப்பாக்கியோடு நின்றதால்தான் வரவில்லை என்று ஸ்ட்ரௌடு சொல்லிக்கொண்டு திரிகிறான், அப்பா கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்.

ஹால்வோர் ரயில் பாதை வேலைக்குப் போயிருக்கிறான், வீடு ஒன்று கட்டும் வரை மாரித் எங்களோடுதான். உன் கட்டிலில்தான் தூங்குகிறாள், உன் நீலக் கவுனை மடித்துத் தைத்துப் போட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. வந்த மறுநாள் காலையில், அப்பா பல்லாலும் கையாலும் பூட்ஸ் கயிற்றோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து கட்டிவிட்டாள். இத்தனை வருஷமாக என்னை அதைத் தொடவிடாத மனுஷர், இப்போது தினமும் காலை நீட்டிக்கொண்டு அவளுக்காகக் காத்திருக்கிறார்.

கர்த்தர் உங்கள் வீட்டில் நெருப்பு அணையாமலும் பாத்திரம் காலியாகாமலும் காக்கட்டும். குழந்தைகளுக்கு அம்மை குத்திவிட்டாயா? இல்லையென்றால் இதை மடித்து வைத்தவுடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, அழுவார்கள் என்று பார்க்காதே.

என்றும் உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
தெர்சா விட்கோம்ப்