படத்தில் இல்லாத அலுமாரி

ஓகஸ்ட் 4, வியாழன்

சோளகக் காற்று. தகரக் கூரை ஓயாமல் அடித்தது. வாசிகசாலைச் செயலாளர் யோகன் வந்தார். சனிக்கிழமை பாடசாலை மண்டபத்தில் நகைச்சுவைப் படம். அதை அதன் மூல நூலுடன் ஒப்பிட்டு ஞாயிறன்று நான் உரையாற்ற வேண்டுமாம்.

"உங்களை விட்டா அந்தப் புத்தகம் வாசிச்ச ஆக்கள் எங்கட அடம்பன் ஊரில ஆர் அக்கா?"

உண்மை. ஐந்தாம் வகுப்புடன் நின்றவள். மிகுதி யாவும் சுயமாய்க் கற்றது. இணங்கினேன்.

நூல், இடம்பெயர்ந்த காலமெல்லாம் அரிசிப் பையில் சுமந்தது. அட்டை இல்லை. பெண் பார்க்கப் போன எழுதுவினைஞர் அலுமாரிக்குள் ஒளிக்கும் அத்தியாயத்தைப் பதுங்குகுழிக்குள் என் கணவருக்கு வாசித்தேன். மேலே செல் விழுந்து வெடிக்க, வயிறு நோகச் சிரித்தார். மீள்குடியேறிய பின் ஒருமுறையேனும் சிரித்ததில்லை. படத்துக்கு அழைத்துச் செல்வது அதன்பொருட்டே.

ஓகஸ்ட் 5, வெள்ளி

வாங்க: சீனி, தீப்பெட்டி, நீல மைப் பேனா. உரையின் முதல் வாக்கியம்: "நகைச்சுவை துயருற்றோர்க்கு அருமருந்தாகும்." மும்முறை திருத்தம். மனநிறைவு.

மாலையில் அவர் தாமாகவே சவரம் செய்தார்.

ஓகஸ்ட் 6, சனி

பிற்பகல் மூன்று மணி. மண்டபம் நிறையச் சனம். படத்தில் அலுமாரி இல்லை. எழுதுவினைஞர் மலசலகூடத்துக்கு வெட்டிய குழியில் ஒளிக்கிறார். பெரும் சிரிப்பு. அடுத்த கணம் திரையில் கலியாண வீட்டுச் சீனவெடி. மண்டபம் முழுவதும் நிலத்தில் குப்புற. நானும்.

"எழும்புங்கோ, அது படத்தில வெடிக்குது" என்றாள் ஒருத்தி.

"அப்ப நீ ஏன்டி கதிரைக்குக் கீழ கிடக்கிறாய்?"

மறுபடியும் சிரிப்பு. எல்லோரும் எழுந்தனர். என் கணவர் மட்டும் எழவில்லை. காதுகளைப் பொத்தியபடி. படம் முடியும்வரை நிலத்தில் அவரருகே அமர்ந்திருந்தேன்.

ஓகஸ்ட் 7, ஞாயிறு

காற்று இல்லை. உரைக்குறிப்பு: நூலில் அலுமாரி, திரையில் குழி. படம் எடுத்தோர் குழி வேடிக்கையானதென்று எண்ணியிருப்பர். அவர்களைக் குறைகூற இயலவில்லை. முதல் வாக்கியத்தை அடித்துவிட்டேன். இரண்டாவது வரவில்லை. உரை இல்லையென்று யோகனுக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

காலை பத்து மணிக்கு அலுமாரி அத்தியாயத்தை அவருக்கு மீண்டும் வாசித்தேன். முன்பு சிரித்த இடத்தில் நிறுத்தினேன்.

"உள்ளுக்க எத்தினை பேர்?" என்று கேட்டார்.

"ஒராள்தான்."

"அப்ப இடம் இருக்கு. கெதியா உள்ளுக்க போம். நான் பிறகு வாறன்."